மேற்கெல்லை

தார்ப் பீப்பா ஐந்தை நெடுக்காக வெட்டி
ஒன்பது தகடு எடுத்தேன்.
முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான்.
"இது வெள்ளத்தை என்ன செய்யும்?" என்றேன்.
நீர்ப்பாசனத் திணைக்களத்து யசோதினி
பட்டறை நிலத்தில் சோக்கால் கீறினாள்:
தண்ணீர் போகிற திசை ஒன்று,
அதிலிருந்து இருபது பாகை சரிந்து தகடு.
"மறிக்கிறேல்லை அண்ணை.
அடியிலை போற மண்ணுக்கு
ஒரு சின்னத் திருப்பம் குடுக்கிறம்."

ஆவணியில் வழுக்கையாற்றை
ஆறு என்று சொன்னால் ஆடு சிரிக்கும்.
வெடித்த களி, நடுவே சைக்கிள் தடம்,
ஒரு றப்பர்ச் செருப்பு, இடதுகால்.
அராலிக்கு மேலே அந்த வளைவில்
மேற்குக் கரை கடித்து வைத்த பாண் போல நின்றது.
மாரிக்கு மாரி கணேசமூர்த்தியின் வயலில்
ஒரு வரம்பு காணாமல் போகும்.
எதிர்க்கரையில், பவளராணியின் பக்கம்,
மண் வந்து மெத்தென்று படுக்கும்.
ஆறு வருசத்தில் அரைப் பரப்பு.
அவள் அதில் பயிற்றை போட்டிருந்தாள்.

தகடு இறக்கிய அன்று
காணி உறுதியைப் பொலித்தீன் பைக்குள் கொண்டு வந்தாள்.
"மேற்கெல்லை வழுக்கையாறு எண்டு கிடக்கு, வாசியுங்கோ.
இத்தனை முழம் எண்டு இல்லை.
ஆறு தள்ளிப் போனா
என்ரை காணியும் அதோடை போகும்."
யசோதினி வாசித்தாள். இரண்டு தரம்.
பிறகு ஒன்றும் பேசாமல்
கோணமானியை என் கையில் தந்தாள்.

மேற்குக் கரையோரம் மும்மூன்றாக நட்டோம்.
எல்லாம் ஒரே பக்கம் முகம் திருப்பி,
விருப்பமில்லாத கலியாணத்துக்கு வந்த சனம் போல.
கணேசமூர்த்தி தேங்காய் உடைத்தார்.
கற்பூரம் காற்றில் நிற்கவில்லை.
பவளராணி போகவில்லை,
பார்த்துக்கொண்டே நின்றாள்.

கார்த்திகையில் ஐந்து நாள் விடாமல் ஊற்றியது.
கரை முட்டக் கலங்கல் தண்ணீர்.
என் ஒட்டெல்லாம் எங்கோ கீழே, இருட்டில்
வேலை செய்கிறதோ,
பிடுங்குண்டு கல்லுண்டாய் தாண்டிக்
கடலுக்கே போய்விட்டதோ.
மேலே ஒரு அடையாளமும் இல்லை.
இல்லை, இருந்தது.
தண்ணீரின் தோலில் சின்னச் சின்ன மடிப்பு.
அவள்தான் காட்டினாள், குடைக்குள் நின்று,
ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி.
எட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

மாசியில் வடிந்த பிறகு போனேன்.
மேற்குக் கரையடியில் புது மணல்,
தகடுகள் கழுத்தளவு புதைந்து.
ஒன்பதாவது இருந்த இடத்தில் வெறும் குழி,
கொஞ்சம் தண்ணீர், இரண்டு விரால்.
எதிர்க்கரையில் பயிற்றங்காணி
நீளத்துக்கு அறுந்து கிடந்தது,
ஒரு மூலை தவிர.
அந்த மூலைக்கு முன்னால்
தார் மணக்கிற தகடு ஒன்று,
என் ஒட்டு, எனக்குத் தெரியாதா,
மறுபக்கம் முகம் திருப்பி.

"வெள்ளத்திலை வந்தது" என்றாள் பவளராணி.
வந்து, இரண்டடி ஆழத்துக்குத்
தானே நட்டுக்கொண்டதாக்கும்.
நான் கேட்கவில்லை.
குந்தியிருந்து கோணமானியை வைத்தேன்.
பதினெட்டு. கண்ணளவுக்கு மோசமில்லை.

பின்னேரம் யசோதினி போன் எடுத்தாள்.
எத்தனை நிற்குது அண்ணை?

ஒன்பதும் நிற்குது, என்றேன்.