மூன்றாம் எண்

சீட்டு விழுந்தது, இருபத்திரண்டாயிரம்.
வளையலுக்கென்று போட்டது.
ரயிலுக்கு மூளை வாங்கிவிட்டேன்.

பேட்டையில் எங்கள் மச்சில்
எட்டுக்கு நாலு பிளைவுட்டில் கிடக்கிறது தண்டவாளம்.
சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடை, அம்பை;
அதற்குமேல் பலகை இல்லை.
தெர்மாகோலில் பொதிகை.
பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பிய்த்து வாழைத்தோப்பு.
ஆறு மட்டும் நான் ஊற்றிய ஃபெவிகால்,
இன்னும் சில இடத்தில் காயவில்லை.

பாகம் பிரித்தபோது
கடை இவருக்கு, குடோன் கொழுந்தன் கோமதிசங்கருக்கு.
பத்திரத்தில் பதினோராவது வரி:
‘மச்சில் உள்ள விளையாட்டு ரயில் வகையறா
இருவருக்கும் பொதுவில்.’
கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து
பதினான்கு மாதம், பேச்சில்லை.

பழைய பெட்டிக்கு ஒரே குமிழ்.
திருகினால் தண்டவாளத்தில் கரண்டு ஏறும்,
மேலே நிற்கிற எஞ்சின் எல்லாம் சேர்ந்து கிளம்பும்.
அதனால் திங்கள் புதன் வெள்ளி இவர்.
செவ்வாய் வியாழன் சனி அவர்.
ஞாயிற்றுக்கிழமை நான் தூசி தட்டுவேன்.

கோயம்புத்தூர் கடைக்காரர் போனில் பொறுமையாய்ச் சொன்னார்:
“இதில் தண்டவாளத்தில் எப்பவும் முழுக் கரண்டும்மா.
எஞ்சினுக்குள்ளே நகம் அளவு ஒரு சில்லு.
அதோட நம்பரைக் கூப்பிட்டால்தான் அசையும்.”
சட்டென்று புரிந்தது.
வீடு முழுக்க நாளெல்லாம் சத்தம்தான்,
‘உலகு’ என்று கேட்டால்தானே நான் திரும்புகிறேன்.

மலிவாய் ஒன்று இருந்தது, பொத்தான் மட்டும்.
நட்டும் போல்ட்டும் எண்ணித் தடித்த விரல் இவருக்கு,
ஒன்றை அமுக்கினால் மூன்று அமுங்கும்.
தொடுதிரை ஒன்று. அதன் படத்தை
தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் பார்ப்பதுபோல் பார்த்தார்.
ஐந்து ஆம்பியரில் பெரியது ஒன்று,
விளக்கப் புத்தகமே இருநூறு பக்கம்.
இருக்கிறது ரெண்டு எஞ்சின், எதற்கு?
கடைசியில்
கைக்குள் அடங்குகிற திருகு குமிழ், நடுவில் சிவப்பாய் ‘நிறுத்து’.
போனில் இன்னொரு ஆளும் ஓட்டலாமாம்.
“ஒரே நேரத்திலா? ரெண்டு பேருமா?”
மூன்று தரம் கேட்டு, பால் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிரித்து மாட்டி, திருகினேன்.
ரெண்டும் சேர்ந்தே ஓடின, பழையபடி.
பெட்டியிலிருந்து வருகிற எஞ்சின் எல்லாவற்றுக்கும்
மூன்றுதான் எண்ணாம், மாற்றுகிறவரை.
ஒவ்வொன்றாய்த் தனியே நிறுத்தி மாற்றினேன்.
இவருடையது பதினாலு, எங்கள் கதவு எண்.
அவருடையது பதினாலு ஏ என்று அடித்தால்
எழுத்தை அது வாங்கவில்லை.
பதினைந்து.

புதன்கிழமை இருவருமே மச்சில்.
இவர் அம்பைப் பக்கம் முக்காலியில்,
அவர் சேரன்மாதேவியில், போனும் கையுமாய்.
தண்டவாளத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

கடைக்காரர் சொல்லாத ஒன்று உண்டு:
பழைய பெட்டியில் ரெண்டும் ஒரே பக்கம்தான் ஓடும்,
எதிரெதிரே முட்ட வழியே கிடையாது.
இங்கே ஒற்றைத் தடம். கல்லிடையில் மட்டும் விலகு பாதை.
பதினாலு வருகிறது. பதினைந்தும் வருகிறது.
நடுவே ரெண்டு முழம். ஒரு முழம்.
சிவப்புப் பொத்தான் என் கைக்கு எட்டுகிற தூரம்.
நான் எட்டவில்லை.

“ஏல, நிறுத்துல!”
“நீ பின்னால எடு. நான் கல்லிடை தாண்டிட்டேன்.”
“பாயிண்ட் யாரு போடுவா?”
“நான் போடுதேன்.”

அவ்வளவுதான்.
மறுநாள் கடை வாசலில் எதிரெதிரே வந்தபோது
ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்களாம்.
சனிக்கிழமை மறுபடி மச்சில்,
“லைன் கிளியரா?”
“இரி, இரி.”

பெட்டியின் பின்புறம் இன்னொரு துளை சும்மா இருக்கிறது.
கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்:
இன்னொரு கைப்பிடி என்ன விலை,
ஒரு சின்ன எஞ்சின், பச்சை நிறத்தில்?
எண் மாற்றித் தரணுமா என்றார்.
வேண்டாம்,
மூன்று இப்போது காலியாகத்தான் இருக்கிறது.