மானி வாசிப்பவன்

ஐந்து இடத்தில் மயிர் வழித்து
ஸ்பிரிட் தடவி
ஐந்து பொத்தான் ஒட்டினா தர்மினி மிஸ்.
ஐந்து வயரும் போய் ஒரு பெட்டிக்குள் நுழைந்தன.
சவர்க்காரக் கட்டி அளவு. இடுப்புப் பட்டியில் கொழுவலாம்.
"வழமைபோல இருங்கோ, வேலைக்கும் போங்கோ,
குளிக்க மட்டும் வேணாம்.
செய்யிற எல்லாத்தையும் நேரத்தோட இந்தத் தாளில எழுதுங்கோ.
நெஞ்சு என்னவும் செய்தால் இந்த பட்டனை அமத்துங்கோ."

மின்சார சபையில் இருபத்தாறு வருசம்
ஊரார் வீட்டு மானி வாசிக்கிறவன் நான்.
இனி என்னுடையதை இன்னொருத்தர் வாசிப்பா.
நிலுவை எவ்வளவு என்று
அடுத்த கிளினிக்கில் சொல்வார்கள்.

அன்றைக்கு எனக்குப் போட்டிருந்த ஒழுங்கைகள்
இருதயபுரத்தில்.
நிசாம்தீன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.
அதைத் தாளில் எழுதவில்லை.

9.40 மோட்டார் சைக்கிள்.
10.05 நாய். கொஞ்சம் ஓடினேன்.
10.50 பிளேன் ரீ.
11.30 பில் கூடிப்போச்சென்று ஒரு அம்மா கத்தினா. நான் கத்தவில்லை.
12.15 பிளாஸ்டர் கடிக்கிறது.
வாவிப் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்றில்லை.
கடிக்கிறது என்பது அறிகுறியா, தெரியாது,
எழுதிவிட்டேன்.

அடகு வைத்த சங்கிலிக்கு வட்டி கட்ட
வங்கிக்குப் போனேன்.
கண்ணாடிக் கதவடியில் காவலுக்கு நின்ற பொடியன்
என் நெஞ்சைப் பார்த்தான்.
வியர்வையில் சேட்டு ஒட்டி
கழுத்தடியிலிருந்து இடுப்புவரை
வயர் தெரிந்தது.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்க முதலே
என் இரண்டு கையும் மேலே போயிற்று.

தானாய்.
இத்தனை வருசம் எங்கே இருந்தன அந்தக் கைகள்?
பிள்ளையாரடியில், வலையிறவில்
அடையாள அட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு
வெயிலில் நின்ற அதே கைகள்.
அப்போது என்னிடம் ஒரு வயரும் இருக்கவில்லை.

பொடியனுக்கு இருபது இருபத்திரண்டு இருக்கும்.
நான் நின்ற வரிசைகள் அவனுக்குத் தெரியாது.
ஆனால் அவனுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியும்.
வோக்கி டோக்கி அவன் கையில் ஆடியது.

"ஆஸ்பத்திரி," என்றேன். "இதயம் பார்க்கிறது."
அவன் மூச்சை விட்டான்.
"கையக் கீழ விடுங்க ஐயா,"
கெஞ்சுகிற மாதிரி,
"ஆக்கள் பாக்கிறாங்க."

பட்டன் இடுப்பில் இருந்தது. கை மேலே இருந்தது.
அமத்தவில்லை.

2.15 வங்கி. வரிசையில் நின்றேன்.

இரவு சுகிர்தமலர் தாளை வாங்கி
பிள்ளைகளின் மாக்ஸ் பார்ப்பதுபோல் பார்த்தா.
பிறகு பெட்டியின் பச்சை வெளிச்சத்தை.
"இதுக்கு நாம கதைக்கிறது கேக்குமா?"
"கேக்காது."
விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னா:
மூத்தவனைக் கட்டாருக்கு அனுப்ப வாங்கின கடன்
மூன்று இலட்சம் இல்லையாம்,
ஐந்தாம்.
மின்விசிறி சுற்றுகிற சத்தம் கொஞ்ச நேரம்.
"இப்ப அது துள்ளினதோ?"
"துள்ளியிருக்கும்."
"அத எழுதாதீங்க."
என் கையிலிருந்த பேனையை அவவே வாங்கி
ஜன்னல் கட்டில் வைத்தா.
சரிந்து படுக்க முடியாமல், மல்லாந்தே கிடந்து,
காலையில் எழுதினேன்:
11.20 மனைவியோடு கதைத்தேன்.

தர்மினி மிஸ் பொத்தான்களைப் பிடுங்கினா.
ஐந்து சிவந்த வட்டம்.
தாளை மேலிருந்து கீழே பார்த்தா.
"பட்டன் ஒருக்காலும் அமத்தேல்லையே?"
"இல்லை மிஸ்."
"நல்லம்."

பெட்டியைத் துடைத்து, புதுப் பற்றரி போட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டா.
நாவலடியில் மீன் விற்கிறவ. விரல் இடுக்கில் இன்னும் செதில்.
"நோகுமா மனே?" என்று என்னைக் கேட்டா.
"நோகாது அக்கா.
எழுதுறதுதான் கரைச்சல்."
"எனக்கு எழுதத் தெரியாதே," என்றா,
பெரிய நிம்மதியோடு.