தங்கூசி

எங்கள் வீட்டில் இரண்டு சோடிக் கால்கள்.

என்னுடையது வாய்க்காரி.
விடியப்புறம் சீமெந்துத் தரையில் முதல் அடி வைத்ததும்
குதிக்காலில் ஆணி இறங்கும்.
பத்து அடி நொண்டினால் கொஞ்சம் இளகும்.
பிறகு பள்ளிக்கூட அடுப்படியில்
நூற்றெண்பது பிள்ளைகளுக்குச் சோறு வடித்து முடிய
மறுபடி கத்தத் தொடங்கும்.

அவருடையது பேசாது.
இருபத்தாறு வருடம் வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில்
வலை எறிந்த கால்.
ஊரி வெட்டினாலும் கெளுத்தி முள் ஏறினாலும்
ஒரு சத்தமில்லை.
"ஒண்ட கால் கண்ணாடி கா, எண்டது இரும்பு" என்பார்.
நானும் நம்பினேன்.
உள்ளுக்குள் பெருமை வேறு.

சீனி வருத்தம் வந்து ஒன்பது வருடம்.
கிளினிக் கொப்பியில் ஆறு பக்கம் வெறுமை.

மார்கழி மழைக்குள் ஒரு காலை
படுக்கை விரிப்பில் அஞ்சு ரூபாய்க் குற்றியளவு ஈரம்.
மஞ்சள். மணந்தது.
மீன் மணமாம்.
மீன் மணம் எனக்குத் தெரியாதா?
சுண்டுவிரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.
பக்கத்துத் தோல் கைவைக்கச் சுட்டது.
சிவப்பு, கணுக்காலைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது.

"நோகுதா?"
"நோகல்ல. சனி ஞாயிறு கழியட்டும்."

எத்தனையோ தரம் கேட்ட சொல்.
அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

மண்டூரில் பாதை ஏறினோம்.
மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவில், கம்பியில் காலைத் தூக்கி வைத்து
குருமண்வெளி வரும்வரை
யாரோடோ இறால் விலை பேசிக்கொண்டு வந்தார்.

களுவாஞ்சிகுடியில் பர்சானா மிஸி
கண்ணை மூடச் சொன்னா.
அவவின் கையில் பிடி போட்ட ஒரு தங்கூசித் துண்டு.
"படுற இடத்தில சொல்லுங்க."

பெருவிரல். பேச்சில்லை.
குதி. பேச்சில்லை.
நடுவில் ஒரு தரம் "ம்" என்றார்.
அப்போது மிஸி தொடவேயில்லை.

இருட்டுக்குள், பத்துப் பாகத்துக்கு அப்பால்
தங்கூசி நுனியில் மீன் வாய் வைப்பதை
விரலால் அறிந்து, என்ன மீனென்றும் சொல்லும் மனிசன்.

கண்ணைத் திறந்தார்.
"இன்னொருக்காத் தொடுங்க மிஸி."
தன் உள்ளங்காலில் அது குத்தி நின்று வளைவதைப்
பார்த்துக்கொண்டே இருந்தார்.

மட்டக்களப்பில் பத்தொன்பது நாள்.
சுண்டுவிரல் அங்கேயே நின்றுவிட்டது.
"இன்னும் மூண்டு நாள் பிந்தியிருந்தா
என் கணக்கு முழங்காலில இருந்து தொடங்கியிருக்கும்"
என்றார் டொக்டர், கை கழுவிக்கொண்டு.

நான் நொண்டுவதை மிஸி எப்போதோ கண்டிருக்கிறா.
"உங்கட குதி நோகுதா? நல்லம்.
வீட்டுக்குள்ளயும் மொத்தச் செருப்புப் போடுங்க.
ஐஸாக்கின போத்தல காலுக்குக் கீழ உருட்டுங்க.
சுவரப் பிடிச்சுக் கெண்டைக்கால நீட்டுங்க.
ரெண்டு மூண்டு மாசம் பாத்தும் கேக்காட்டி வாங்க.
வீங்கினா, நாலு அடி வைக்க ஏலாட்டி, அண்டைக்கே வாங்க.
இவருக்கு அந்தத் தவணை இல்ல.
தோல் கிழிஞ்சா, நிறம் மாறினா,
ஒரு கால் மட்டும் சுட்டா
நோகுதோ நோகல்லையோ எண்டு கேக்காதீங்க."

கால் ஆணி அரிந்த பிளேட்டை எறிந்துவிட்டேன்.
இரவில் போன் வெளிச்சம், முகம் பார்க்கிற கண்ணாடி,
விரல் இடுக்குகள்.
அவருக்குக் கூச்சம். எனக்கு நித்திரை.
சில நாள் இதற்கே சண்டை.

புண் ஆறி நாலு மாதம் கழித்து
றப்பர் சப்பாத்தோடு வாவிக்குள் இறங்கினார்.
கரையே சிரித்தது.
"புவனேந்திரன் முதலாளி கந்தோருக்குப் போறார்!"

திரும்பி வந்து, மிஸி சொன்னபடி
சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினார்.
தண்ணீர். கொஞ்சம் சேறு.
பிறகு ஓர் இறால், உயிரோடு,
முற்றத்தில் விழுந்து துள்ளியது.

எவ்வளவு நேரம் உள்ளே துள்ளியதோ.

அவர் அதைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
குனிந்து எடுத்துச் சட்டிக்குள் போட்டார்.