மறுகா

இந்த நாடாவில் நாலு மேவிஸ் இருக்கிறார்கள்,
மூன்று ஓஸ்வின்.
டச்பார் வீட்டில் இருந்ததோ இரண்டே பேர்,
இரண்டு கித்தார், ஒரு மைக்.

பெரியகல்லாற்றில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறேன்.
கோயில், கல்யாணம், தேர்தல்,
எதற்கும் என் பெட்டிகள் கத்தும்.
பழைய இரும்போடு நிறுத்து வாங்கிய ரெக்கோடரில்
சுற்றியபடியே கிடந்தது இது.
பென்சிலில்: பார்தலோட், 1961, ஏழாவது.

மூடியைக் கழற்றினேன்.
அழிக்கும் தலை, பதியும் தலை, பாடும் தலை,
கொம்பனி வைத்தது மூன்று.
அழிக்கும் தலைக்கு முன்னால்
பித்தளைத் தகட்டில், கையால் அராவிய திருகில்
நாலாவதாய் ஒன்று.
அந்தத் திருகைப் பார்த்தபடி
தேத்தண்ணி ஆறும்வரை இருந்தேன்.

அழிவதற்கு ஒரு விரற்கடை முன்னால்
பழைய வாசிப்பைக் கேட்டுவிடும் நாலாம் தலை.
கேட்டதோடு புதியதைக் கூட்டி
அழிந்த இடத்திலேயே எழுதும்.
ஆறு அடுக்கு சரியாய் வந்து
ஏழாவதில் ஒரு விரல் வழுக்கினால்
ஏழும் போச்சு.

என் மடிக்கணினியில் நூற்றிருபது தடம்.
பிழைத்தால் ஒரு பொத்தான்.
நான் பிழைவிட்டதற்குச் சாட்சியே கிடையாது.

அந்தக் காலம் அவர்கள் பட்டறையில் நின்ற ரோலண்ட்
போனில் சொன்னார்:
சவப்பெட்டிக்கு அறுத்த முதிரைப் பலகை, தம்பி.
ஓட்டை இல்ல, வயிறு இல்ல.
தட்டினாக் கதவு மாதிரிச் சத்தம்.
சனம் சிரிச்சிது, ஊமைக் கித்தார் எண்டு.
டெலிபோன் காந்தத்தில
மயிரவிட மெல்லிய செப்புக்கம்பி,
தையல் மெஷின்ர நூல்சுத்தியில குடுத்து
மேவிஸ்தான் சுத்தினா, ஆறாயிரம் சுத்து.
ஐயாயிரத்தில அறுந்திது.
ஏசினா, நல்லா ஏசினா.
மறுகா சுத்தினா.

பகலில் அரிசி ஆலைகள் கரண்டைக் குடிக்கும்,
மோட்டர் தள்ளாடும், சுருதி சரியும்.
ஆலைகள் உறங்கியபின்தான் பதிந்திருக்கிறார்கள்:
சுவர்மணி அடிப்பது கேட்கிறது,
மங்கலாய் இரண்டு,
அதன்மேல் தெளிவாய் மூன்று.
ஓஸ்வின் பறங்கியில் எண்ணுகிறார், உங், தோஸ், த்ரேஸ்.
மேவிஸ் தமிழில் சொல்கிறாள்:
மறுகா.

ஒவ்வொரு அடுக்கிலும் அதே இடத்தில் அதே சொல்.
கடைசியில் அது சொல்லாகவே இல்லை,
வாவியில் ஒரே நேரம் எழும்பும்
நீர்க்காகங்களின் செட்டை.

உயரத்தில் ஒருத்தி
மனித விரலால் ஆகாத வேகத்தில் ஓடுகிறாள்.
பாதி வேகத்தில் நாடாவை ஓடவிட்டேன்.
ஆற அமர,
வெங்காயம் உரிப்பவள்போல வாசித்துக்கொண்டிருந்தாள்.
உரத்துச் சிரித்துவிட்டேன், தனியே, கடைக்குள்.

ஐந்தாம் அடுக்கில் ஓஸ்வின் இருமுகிறார்.
நான் என்றால் நிறுத்தியிருப்பேன்.
அவர்கள் நிறுத்தவில்லை.
ஆறாவதில் மேவிஸ்
உள்ளங்கையால் கம்பியை அமத்தி
அந்த இருமலின்மேல் ஒரு தட்டு வைக்கிறாள்,
நாலு மாத்திரை தள்ளி இன்னொன்று,
பிறகு இன்னொன்று.
இப்போது அது இருமல் இல்லை, பறை.
அது இல்லாவிட்டால் பாட்டு நொண்டும்.

இரைச்சலை நீக்கிப் பார்த்தேன்,
திரையில் ஒரு கோட்டை இழுத்தால் போதும்.
போனது.
கூடவே முதல் மேவிஸும் போய்விட்டாள்,
ஆறுமுறை படியெடுத்து
இரைச்சலின் நிறத்துக்கே வந்துவிட்டவள்.
கோட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன்.
வந்தாள்.

ஏழாவது என்று எழுதியது அடுக்கையா,
ஏழாவது முறையாய் முயன்றதையா?
நாடா வாங்கக் காசு கிடையாது, ரோலண்ட் சொன்னார்,
ஒண்டுதான் இருந்திது, அதிலதான் எல்லாம்.

முடிவில் கதிரை இழுபடுகிறது.
போதுமா, என்கிறார் ஓஸ்வின்.
மேவிஸ் மூச்சு எடுக்கிறாள்,
நாடா தீர்ந்து சக்கரம் படபடக்கிறது.

நாளைக்கு வந்தாறுமூலையில் கல்யாணம்.
பெட்டி ஏற்ற ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும்.
திரும்பவும் முதலுக்குச் சுற்றுகிறேன்.