நாலு பி

கிழமை நாளில் ஐந்து மணிக்குப் பிறகு
இந்த அறை என்னுடையது.
பிள்ளைகள் மேசைமேல் கவிழ்த்துவிட்டுப் போன
இருபத்தாறு கதிரைகள்.
தரையை நாலு பட்டியாகப் பிரித்து
யன்னல் பக்கமிருந்து துடைத்து வருவேன்.
ஒரு பட்டி காயும்வரை அதில் கால் வைக்கக் கூடாது.
இது நானே வகுத்த சட்டம்.

யன்னலோரம் மூன்றாவது
என் மகள் ஆரபியின் கதிரை.
அதற்கடியில் இரண்டு தரம் துடைப்பேன் என்று
நினைத்தீர்களானால், இல்லை.
சம்பளம் ஒரு தரத்துக்குத்தான்.

சனிக்கிழமை இதே அறை
மூன்று மணித்தியால வாடகையில் தமிழ்ப் பள்ளிக்கூடம்.
திறப்பு அன்றைக்கும் என் பையில்தான்,
ஆனாலும் அன்றைக்கு நான்
நடைவழியில் பிளாஸ்க்கோடு நிற்கிற ஒரு அம்மா.
'அழிக்க வேண்டாம்' என்று லிண்ட்னர் ரீச்சர்
கோடு போட்டு வைத்ததை எவரும் தொடுவதில்லை.
பலகையின் மூலையில்
மிஞ்சிய ஒரு முழத்தில்
எங்கள் ழகரம் ஒடுங்கி உட்காரும்.

இந்தக் கிழமைச் சொல்: வகுப்பு.
மூன்று வசனம் எழுதி வரட்டாம்.

ஆரபி குசினி மேசையில் பென்சிலைக் கடித்தாள்.
"அம்மா, வகுப்பு எண்டால் என்ன?"
அறை, என்றேன், வெங்காயத்தைப் பார்த்தபடி.
"அறை எண்டால் அறை.
வகுப்பு எண்டால்?"

வகு என்றால் பிரி.
கணக்கில் வகுக்கிறோமே, அது.
காலையில் உனக்குச் சீப்பால் எடுக்கிற வகிடு,
அதுவும் கிட்டத்தட்ட அதுதான்.
உச்சியைத் தொட்டுப் பார்த்தாள்.
"அப்ப என்ர தலையிலயும்
ரெண்டு வகுப்பு இருக்கு."

நான் சொல்லாமல் விட்டது ஒன்று.
நடைவழியில் தேத்தண்ணி ஆறுகிற நேரம்
புதிதாக வந்தவளிடம் கேட்பார்கள்:
"நீங்கள் ஊரில எந்தப் பக்கம்?"
கோயிலுக்கு வடக்கோ தெற்கோ,
கிணறு யாருடையதோ,
அதுவரைக்கும் போகும் கேள்வி.
அதற்கும் அகராதியில் இதே சொல்தான்.
ஹாகன் நகரம் முழுக்கப் பனி மூடிக் கிடக்க
அந்த ஒரு கோயில் வீதி மட்டும்
எப்படித்தான் மூடாமல் கிடக்கிறதோ.

ஜேர்மன்காரருக்கு வகுப்பு 'கிளாஸே'.
அதையே கொஞ்சம் உரத்துச் சொன்னால்
அபாரம் என்று அர்த்தம்.
ஆரபியின் கணக்குக் கொப்பியில்
சிவப்பு மையில், ஆச்சரியக்குறியோடு,
மூன்று இடத்தில் 'கிளாஸே!'

பிறகு அரையாண்டு அறிக்கையோடு
அந்தக் கடிதம் வந்தது.
பத்து வயதுக்கு முன்னால் மூன்று கதவு:
கிம்னாசியம், ரேயால், ஹவுப்ட்.
எங்கள் உறையில் நடுக்கதவு.
பரிந்துரைதானாம், கட்டாயமில்லையாம்,
கையெழுத்து மட்டும் வேண்டுமாம்.
ஈரக் கையோடு போட்டதில்
என் பெயரின் கடைசி எழுத்து
ஊறிப் பரவிவிட்டது.

அவள் எழுதிய வசனங்கள்:

எங்கள் வகுப்பில் மீன்தொட்டி இருக்கிறது.

பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நான்கு.

இருபத்தாறு பேரை மூன்றால் வகுத்தால்
எட்டு எட்டு எட்டு
மீதி இரண்டு பேர் எங்கே போவார்கள்

சபேசினி ரீச்சர் பச்சை மையில்
மூன்றுக்கும் சரி போட்டிருந்தா.
கடைசி வசனத்தின் பக்கத்தில்
சின்னதாக ஒரு குறிப்பு:
கேள்விக்குறி விடுபட்டுள்ளது.

திங்கட்கிழமை, ஐந்து மணி பத்து.
வாளியில் தண்ணீர் இன்னும் சூடு.
மீன்தொட்டி மோட்டார் முணுமுணுக்கிறது.
முதல் பட்டி முடித்தேன், இரண்டாவது முடித்தேன்,
மூன்றாவதில் நின்று
கவிழ்ந்த கதிரைகளில் இரண்டை
இறக்கி வைத்தேன்.

ஒன்றில் நான் உட்கார்ந்தேன்.
முழங்கால் மேசையில் இடித்தது.
மற்றதை அப்படியே விட்டேன்.

தரை காயட்டும்.