கம்பித் தடம்

அஜ்மான் பழைய சாமான் சந்தையில்
ஏழு டன் என்று பொறித்திருந்ததைப்
பத்து டன் என்று வாசித்துக் காட்டினான் விற்றவன்.
மூவாயிரத்து இருநூறு திர்ஹாமில் ஏறி நின்றவன்
இரண்டாயிரத்து அறுநூறுக்கு இறங்கி வந்தான்.
அர்பாப் வண்டியை விட்டு இறங்கவில்லை.
கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி
"ஓடுமா?" என்றார்.
ஓடியது.

குழாயில் வெடிப்பில்லை.
எண்ணெய் இன்னும் தேன் நிறம்.
ஆப்பின் முனை மழுங்கல்தான், பாதகமில்லை,
விறகு கூர்மைக்குப் பிளப்பதில்லை
அழுத்தத்துக்குப் பிளக்கிறது.
எல்லாம் பார்த்தேன் என்றுதான் நினைத்தேன்.

திக்தாகா யார்டில் இறக்கி
டீசல் துணியால் துடைக்கையில்
இடதுபக்கப் பிடியில் ஒரு தடம்.
கம்பியைச் சுற்றிச் சுற்றி இறுக்கியதில்
சிவப்புப் பெயின்ட் போய்
இரும்பு பளபளக்கும்
மோதிர அகலத் தடம்.

இந்த மிஷினுக்கு ஒரே ஒரு பிடிவாதம்.
இரண்டு பிடியையும் அழுத்தினால்தான் ஆப்பு இறங்கும்.
ஒன்றை விட்டால் நின்றுவிடும்.
உன் இரண்டு கையும் எங்கே இருக்கின்றன என்று
அதற்குத் தெரிந்தாக வேண்டும்.

யாரோ அதனிடம் பொய் சொல்லியிருக்கிறான்.
இதோ என் இடது கை என்று
கம்பியைக் காட்டியிருக்கிறான்.
கோணல் கட்டையைச் சாயாமல் பிடிக்க
நிஜக் கை தேவைப்பட்டிருக்கும்.
மணிக்கு நாற்பது கட்டை கூட விழுந்திருக்கும்.

விற்றவனை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்.
வலது கையால் பணம் எண்ணினான்.
இடது கை சட்டைப் பையில் இருந்ததா
இல்லை
இப்போது நான்தான் அங்கே வைக்கிறேனா?

டிசம்பர். மலையில் கூடாரம் போடுகிறவர்கள்
வியாழன் சாயங்காலமே வந்துவிடுவார்கள்.
மந்திக் கடைக்கு நூறு கட்டு, தனி.
கப்பலில் வந்த கட்டை,
எந்த நாடு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.
ஆனால் பட்டையைக் கிள்ளி மோந்தால்
வேலமரத்துக்குச் சொந்தம் என்று தெரியும்.
முண்டும் முடிச்சுமாக
ஒன்றும் நேராக உட்காராது.

ஜர்வாலி பார்த்துக்கொண்டே இருந்தான்.
"ஒரு முழம் கம்பி போதும் பாய்,
நான் கட்டையைப் பிடிக்கிறேன், நீ ஓட்டு."
அது இன்னும் மோசம்.
என் கைக்கு நான் ஜவாப்,
அவன் கைக்கு யார்?

முடியாது என்றேன்.
கோணலையெல்லாம் ஓரம் தள்ளினேன்.
அதைக் கோடரி பார்த்துக்கொள்ளட்டும்.
அவன் கழுத்துத் துணியை அவிழ்க்கச் சொன்னேன்,
திட்டிக்கொண்டே அவிழ்த்தான்.
பதினோராவது கட்டை பாதியில் சிக்கியது.
இழுத்துவிடலாம் போலத்தான் இருந்தது.
மோட்டாரை அணைத்தேன், ஆப்பு மேலேறாமல் முறைத்தது,
மர உளியை வைத்துப் பின்பக்கம் நாலு தட்டு.
அந்த நேரத்தில் மூன்று கட்டு போட்டிருக்கலாம்.
அர்பாப் அப்படித்தான் கணக்குச் சொன்னார்.

பேன்ட் பையில் போன் துடித்தது.
எடுத்தால் மிஷின் நிற்கும்.
மறுபடி துடித்தது.
தொடையில் ஒரு வண்டு மாட்டிக்கொண்டதுபோல்
மூன்றாம் தடவையும்.
ஆப்பு இறங்கிக்கொண்டே இருந்தது.

ராத்திரி முனீஸ்வரி கேட்டாள்,
"அப்படி என்ன தலைபோற வேலை?"
தலை இல்லை என்று சொல்ல வந்தேன்.
"கை ஒழியலடி" என்றேன்.
எட்டு வருஷமாகச் சொல்லும் சாக்குதான்.
இன்று மட்டும் நிஜம்.
அவள் நம்பவில்லை.

வெளியே ஜர்வாலி இன்னும் கட்டுப் போடுகிறான்.
இருபது கட்டைக்கு ஒரு சுற்று, ஒரு முறுக்கு.
யார்டு முழுக்கக் கம்பிதான்,
ஆணியில் கம்பி, வாளியில் கம்பி,
என் செருப்புக்கு அடியிலும் ஒரு துண்டு.
வியாழன் வர இன்னும் இரண்டு நாள்.
எழுந்து போய்
மிஷின் பக்கத்தில் கிடந்ததை மட்டும்
பொறுக்கிக்கொண்டு வந்தேன்.