வாளின் வால்

லோரோங் கூலிட் ஞாயிறு சந்தையில்
பழைய ரேடியோ, ஒற்றைச் சப்பாத்து,
யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம்,
இவற்றுக்கு நடுவே கிடந்தது.
"சாமுராய்" என்றான் தியோ.
எழுநூறு கேட்டான்.
ஐந்நூற்றிருபதுக்குச் சீன நாளிதழில் சுற்றிக் கொடுத்தான்.
பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
குடையைப்போல.

அதற்கு முந்தைய வாரம்வரை
எனக்குத் தெரிந்த ஜப்பான்
ரைஸ் குக்கர்.

பர்மா ரோட்டில் பல் கட்டும் கூடத்தில் வேலை.
அடுத்தவர் வாய்க்குப் போகும் பற்களை
மழமழவென்று தேய்த்துத் தருவேன்.
பதினோரு வருடம்.
கறை என்று ஒன்றைக் கண்டால்
கை சும்மா இருக்காது.

அன்றிரவு
பிடியின் குறுக்கே ஒரு மூங்கில் ஆணி தெரிந்தது.
சாப்பிடும் குச்சியின் முனையால் தட்டினேன்.
பிடி கழன்று வந்தது,
ஆடி ஆடி ஓய்ந்த பால்பல்லைப்போல, சத்தமில்லாமல்.
உள்ளே வாளின் மிச்சம்:
கருத்து, பொருக்குத் தட்டி, கூரில்லாமல்.
பல்லுக்கு என்றால் வேர் என்போம்.
இதற்கு நானே ஒரு பெயர் வைத்தேன்: வால்.
லகர ளகரத்துக்காக
தமிழ்ப்பள்ளியில் வாங்கிய அடியெல்லாம்
ஒருவழியாகப் பயன்பட்டது.

வாலில் துரு. துருவின் மேல்
சிவப்புப் பெயிண்டில் இரண்டு கீற்று.
அழுக்கு என்று நினைத்தேன்.
தின்னர் ஊற்றினேன். பிறகு உப்புத்தாள்.
பிறகு பிராஸோ.
பிறகு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்,
கூடத்திலிருந்து கொண்டுவந்த மெருகுச் சக்கரம்.
விடியும்போது
அதில் முகம் பார்க்கலாம் போலிருந்தது.
பார்த்தேன்.

படமெடுத்து ஈப்போ ஜபருல்லாவுக்கு அனுப்பினேன்.
ரொட்டி வேன் ஓட்டுகிறவன், இருபத்தாறு வயது,
ஆறு வாள் வைத்திருக்கிறான்.
நீலக் குறி இரண்டும் விழுந்தன. பதில் இல்லை.
மத்தியானம் ஒரே வரி:
"அக்கா, வாலைத் தொட்டீங்களா?"

துருவைத்தான் படிப்பார்களாம்.
எத்தனை தலைமுறை என்று நிறம் சொல்லுமாம்.
பெரிய கொல்லன் பெயரைச் சின்னக் கொல்லன்
திருடி வெட்டியிருந்தால்
அந்தத் திருட்டையும் துரு காட்டிக்கொடுக்குமாம்.
அலகுக்குக் கிராம்பு வாசம் போட்ட எண்ணெய்,
வாலுக்கு ஒன்றும் வேண்டாம்,
விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.
"அந்தச் சிவப்பு?"
"சண்டைக்காலம் அக்கா.
பட்டாளத்துக்குப் பிடி பொருத்தினவன்
மாறிப்போகாமல் இருக்கப் போட்ட குறியா இருக்கலாம்.
இருந்தா பார்த்துச் சொல்லியிருப்பேன்."

எங்கள் வீட்டில் அந்தக் காலத்துக்கு
ஒரே பெயர்: சயாம்.
தாத்தாவின் தம்பி மருதப்பன்
பிறை எஸ்டேட்டிலிருந்து ரயில் பாதை போடப் போனார்.
யார் கூட்டிப்போனது,
அவன் இடுப்பில் என்ன தொங்கியது
என்று சொல்ல அந்த லாரியில் போன
ஒருவரும் திரும்பவில்லை.
தண்டவாளம் என்ற சொல்லுக்குள்
ஒரு வாள் கிடப்பதை
நாற்பத்து மூன்று வயதில் பார்க்கிறேன்.

தியோவிடம் போய்க் கேட்டேன், எங்கே கிடைத்தது என்று.
ஆயர் ஈத்தாமில் இடித்த வீடு என்றான்.
அடுத்த ஞாயிறு கேட்டேன்.
போன வருடம் ஒசாகாவிலிருந்து வந்த கண்டெய்னர் என்றான்.
இரண்டையும் ஒரே முகத்தோடு சொன்னான்.

அம்மா அதன் பக்கம் போவதில்லை.
"யாரையாவது வெட்டியிருக்குமா?" என்று
சமையலறையிலிருந்தே கேட்கிறாள்.
தெரியாது.
தெரிந்திருக்கக்கூடிய ஒரே இடத்தை
நான் தேய்த்துவிட்டேன் என்று
அம்மாவிடம் சொல்லவில்லை.

பல் மெழுகை உருக்கி ஊற்றி
அந்த இரண்டு கீற்றையும் கீறிப் பார்க்கிறேன்.
ஒன்று படுக்கை. ஒன்று சாய்வு.
ஏழு என்ற எண்ணா? ஒரு பெயரின் தொடக்கமா?
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி வருகிறது.
புத்தகம் இரண்டு வாங்கிவிட்டேன்.
அலகின் ஓரம் ஓடும் வெள்ளை அலையை
விளக்குக்குச் சாய்த்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது.
அசலா என்றுதான் இன்னும் தெரியவில்லை.

பினாங்கில் காற்றிலேயே உப்பு.
நேற்று பிடியைக் கழற்றினால்
வாலின் ஓரத்தில் புதிதாக
மிளகளவு ஆரஞ்சு.
கை துறுதுறுக்கிறது.
தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.